சர்டிபிகேட் இருந்தால் சீட் கிடைக்குமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் திருச்சிக் கல்லூரி மைதானங்களில் காலை வேளையில் புதுமுகங்கள் தென்படும். காலில் ஸ்பைக்ஸ், கையில் சர்டிபிகேட் ஃபைல். உடற்கல்வி இயக்குநர் ஸ்டாப் வாட்சோடு ஓடவிட்டுப் பார்ப்பார், ஃபைலையும் புரட்டுவார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கான செலக்‌ஷன் அது.

விளையாட்டில் இந்த ஊருக்கு உரிமையும் உண்டு. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் தொடர் ஓட்டத்தில் ஓடிய ஆரோக்ய ராஜீவ் லால்குடிப் பக்கத்துக்காரர். கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடிய சுபா வெங்கடேசனும் திருச்சி மாவட்டம்தான்.

செயின்ட் ஜோசப், நேஷனல், ஜமால் முகமது, பிஷப் ஹீபர் போன்ற கலை அறிவியல் கல்லூரிகள் நிறைந்த ஊர் இது. பி.காம்., கணினி அறிவியல் என்று போட்டி மிகுந்த பாடங்களில்தான் இந்த வழியின் அருமை தெரியும். மதிப்பெண் வரிசையில் பின்தங்கும் மாணவர், அணிக்குத் தேவையான கோல்கீப்பராக இருந்தால் நிலைமை மாறிவிடுகிறது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் கோப்பை வேண்டும், பாரதிதாசன் பல்கலைக்கழக அணியில் தங்கள் பிள்ளைகள் இடம்பெற வேண்டும் என்பது கல்லூரியின் கணக்கு. கட்டணச் சலுகை, விடுதி, சாப்பாடு எல்லாம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். வாய்வார்த்தையை நம்பிச் சேராமல், முதலாண்டோடு சலுகை நின்றுவிடுமா, காயம்பட்டு ஆட முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பெற்றோர் அப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

பொறியியலில் கதை வேறு. அங்கே பயிற்சியாளரின் கண்ணுக்கு வேலையில்லை, காகிதம்தான் பேசும். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள். அதற்குத் தனித் தரவரிசை. சேதுராப்பட்டியில் இருக்கும் ஸ்ரீரங்கம் அரசினர் பொறியியல் கல்லூரிக்கும் இதே கலந்தாய்வு வழியாகத்தான் போக வேண்டும். நாட்டுக்காக ஆடியதா, மாநிலத்துக்காக ஆடியதா, மாவட்டத்தோடு நின்றதா என்று படிப்படியாகச் சான்றிதழின் மதிப்பு இறங்கும். மருத்துவத்திலோ இந்த இடங்கள் ஒற்றை இலக்கம்தான். நீட் தேர்விலும் தகுதி பெற்றாக வேண்டும்.

திறமை இருந்தும் பிள்ளைகள் தோற்பது இந்தக் காகிதத்தில்தான். ஊர்த் திருவிழாக் கபடியில் வென்ற கோப்பைகள் அலமாரி நிறைய இருக்கலாம். கலந்தாய்வில் ஒன்றும் செல்லாது. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று பள்ளிக் கல்வித் துறை நடத்தும் குடியரசு தின, பாரதியார் தினப் போட்டிகள், அங்கீகாரம் பெற்ற சங்கங்களின் போட்டிகள் ஆகியவற்றுக்குத்தான் அங்கே மதிப்பு. சான்றிதழில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் இன்னொரு இனிஷியல் என்றிருந்தால் சரிபார்ப்பில் சிக்கல். முத்திரை, கையெழுத்து, தேதி மூன்றையும் சான்றிதழ் வாங்கிய அன்றே பார்த்துவிடுகிற பி.டி. மாஸ்டர் வாய்த்த பள்ளியில் படிப்பது பெரும் அதிர்ஷ்டம். அது அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது என்பதுதான் ஆதங்கம்.

காகிதம் மட்டுமே பேசும் இந்த முறைக்கு அமெரிக்காவில் நேர் எதிர் ஏற்பாடு. ஆம்ஹெர்ஸ்ட், வில்லியம்ஸ் போன்ற சிறிய கல்லூரிகள் ஆடுவது கல்லூரி விளையாட்டின் மூன்றாம் டிவிஷனில். அங்கே விளையாட்டுக்கென உதவித்தொகை கிடையாது. ஆனாலும் தனக்கு வேண்டிய மாணவர்களின் பெயரைப் பயிற்சியாளர் சேர்க்கை அலுவலகத்திடம் சொல்லலாம். அந்தச் சொல்லுக்குக் கனம் அதிகம். முதல் டிவிஷனில் ஆடும் ஹார்வர்டும் விளையாட்டு உதவித்தொகை தருவதில்லை. 2018இல் அதன் சேர்க்கை முறை நீதிமன்றத்துக்குப் போனபோது, பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுத்த விண்ணப்பதாரர்களில் சுமார் 86 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது அம்பலமானது. மற்றவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை. பாய்மரப் படகு ஓட்டவும் ஸ்குவாஷ் ஆடவும் வசதி யாருக்கு உண்டு என்ற கேள்வி அங்கே இன்றும் ஓயவில்லை.

நம் பக்கம் புதிதாகத் திறந்த கதவு சென்னை ஐ.ஐ.டி.யுடையது. 2024–25 கல்வியாண்டு முதல் ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் விளையாட்டுக்கென இரண்டு கூடுதல் இடங்கள். அதில் ஒன்று மாணவிகளுக்கு. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசையில் பெயர் வந்திருக்க வேண்டும். கடந்த நான்கு ஆண்டுகளுக்குள் தேசிய அல்லது சர்வதேசப் போட்டியில் ஒரு பதக்கமாவது வென்றிருக்க வேண்டும். அதன்பின் இடம் பிரிப்பது விளையாட்டுக்கான தனிப் பட்டியலின்படி.

நான்கு ஆண்டு என்றால் பிளஸ் டூ முடிப்பவருக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கணக்கு தொடங்கிவிடுகிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் "விளையாட்டெல்லாம் போதும், படி" என்று பிள்ளையை மைதானத்திலிருந்து வீட்டுக்கு இழுத்துவரும் ஸ்ரீரங்கத்துப் பெற்றோரும் திருச்சிப் பெற்றோரும் முதலில் பார்க்க வேண்டிய வரி இதுதான்.