சாம்பலுக்குச் செலவிட்ட பொதுப் பணம்

ஓய்வு பெறுமுன் சொந்த ஊரில் ஒரு சிறு வீடு கட்டிவிட வேண்டுமென்று எண்ணியிருக்கும் நமது சங்கத்து அன்பர்கள் சிலர், அண்மைக் காலமாக நம்மிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். "கொத்தனார் சாம்பல் செங்கல் வாங்கச் சொல்கிறார், கடையில் கிடைக்கும் சிமெண்டிலும் சாம்பல் கலந்திருக்கிறதாம். ஆயுள் முழுதும் சேர்த்த பணத்தைச் சாம்பலில் போடலாமா?" என்பதே அக்கேள்வி. ரயில்வேயின் சரக்குக் காரியாலயத்தில் நிலக்கரி வண்டிகளின் கணக்கை எழுதிவரும் நாம், கட்டட நிபுணர் அல்லோம். எனினும் நம் கையால் கணக்கெழுதி அனுப்பிய நிலக்கரி போன இடத்தில் என்னவாகிறது என்று விசாரித்தறியும் ஆவல் நமக்கு நெடுநாளாக உண்டு. அறிந்தவற்றை ஈண்டு எழுதுகிறோம்.

ஐம்பத்தொன்பது வாகன்கள் கொண்ட ஒரு நிலக்கரி ரேக் ஏறத்தாழ 4,000 டன் சுமக்கும். நமது நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு வரை எரியாத கனிமப் பொருளேயாகும். ஆகவே நூற்றுக்கு 35 என்று வைத்துக்கொண்டாலும், ஒரு ரேக் நிலக்கரி எரிந்து முடிந்தபின் 1,400 டன் சாம்பல் எஞ்சி நிற்கும். அன்பர்களே, மூன்று வாகன்களில் ஒன்று கல்லையும் மண்ணையுமே சுமந்து செல்கிறது என்று கொண்டால் பெருந்தவறில்லை. நாம் வாழும் இச்சத்தீஸ்கரில், கோர்பாப் பக்கம் போய் வந்தவர்கள் அச்சாம்பலைக் கண்ணாற் கண்டிருப்பார்கள். நீரிற் கரைத்துக் குழாய் வழியே கொண்டுபோய்க் கரை கட்டிய குளங்களில் தேக்கி வைக்கிறார்கள். கோடையில் குளம் காய்ந்தால் காற்றோடு பறந்து கிராமத்து வீடுகளின் சோற்றுப் பானை வரை வந்துவிடும். கரை உடைந்தாலோ, அதன் கொடுமை சொல்லுந்தரமன்று. மத்தியப் பிரதேசத்துச் சிங்ரௌலி மாவட்டத்தில் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் அத்தகைய கரையொன்று உடைந்து, சாம்பற்சேறு வயல்களிற் புகுந்து, குழந்தைகள் உட்பட ஆறு பேரைக் கொண்டுபோயிற்று. வட சென்னையில் உறவினர் உள்ளவர்களுக்கு எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த சாம்பலைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை.

இச்சாம்பல் பயன்படும் என்பது புதிதாகக் கண்டறிந்த செய்தியன்று. 1962இல் முடிவுற்ற ரிஹந்து அணையின் கான்கிரீட்டில் சிமெண்டுக்குப் பதிலாக நூற்றுக்குச் சுமார் 15 பங்கு வரை சாம்பலையே சேர்த்தார்கள். அவ்வணை இன்றும் நிற்கிறது. ஆனால் அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1996-97ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால், நாட்டில் உண்டான 6 கோடியே 88 லட்சம் டன் சாம்பலில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூடப் பயன்படவில்லை.

இவ்வளவு காலம் சும்மா கிடந்ததற்குக் காரணம் என்ன? அறிவு இல்லாமையன்று, அத்தாட்சி இல்லாமையே என்பது நமது கருத்து. மின்நிலையத்தாருக்குச் சாம்பல் வெறும் தொல்லை. சூளைக்காரருக்கோ களிமண் மலிவாகக் கிடைத்தது. சாலை போடும் பொறியாளர், புதுப் பொருளை இட்டுச் சாலை அமிழ்ந்தால் தம் உத்தியோகம் என்னாகுமோ என்று அஞ்சினார். தம் கைப்பணத்தைச் செலவிட்டுப் பத்து வருஷம் சோதித்து, கிடைத்த பலனை ஊருக்கெல்லாம் இலவசமாகச் சொல்ல எந்த வியாபாரி முன்வருவார்? எல்லோருக்கும் நன்மை தரும் காரியம் எவருக்கும் தனி லாபம் தராததாக இருக்குமிடத்தில்தான் பொதுப் பணம் புக வேண்டியிருக்கிறது.

அது புகுந்தது 1994இல். மத்திய அரசாங்கத்தின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறையின் பொறுப்பில் 'எரிசாம்பல் இயக்கம்' என்ற திட்டம் தொடங்கப்பெற்றது. செங்கல், சாலை, சுரங்கம், வேளாண்மை எனப் பல துறைகளிலும் ஐம்பதுக்கு மேற்பட்ட செயல்விளக்கங்களை அது நடத்திற்று. ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், டில்லி மத்தியச் சாலை ஆராய்ச்சி நிலையம், தன்பாத்தில் அந்நாளில் இருந்த மத்திய எரிபொருள் ஆராய்ச்சி நிலையம் ஆகியவை பன்னெடுங்காலம் செய்த சோதனைகள் இதனால் ஏட்டை விட்டு மண்ணுக்கு வந்தன. டில்லியில் யமுனையின் வெள்ளப் பகுதியிலேயே, இரண்டாம் நிஜாமுதீன் பாலத்திற்குச் செல்லும் சாலைக்கரையைச் சுமார் ஒன்றரை லட்சம் கன மீட்டர் சாம்பல் கொண்டு எழுப்பிக் காட்டினார்கள். அஞ்சிய பொறியாளர்க்கு நூறு கட்டுரையினும் அவ்வொரு கரை மேலான விடையாயிற்று. 1999 செப்டம்பரில், மின்நிலையத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் செங்கல் செய்வோர் நூற்றுக்கு 25 பங்கேனும் சாம்பல் சேர்க்க வேண்டுமென்று ஆணை பிறந்தது. முன்னரே சோதித்து வைத்திராவிடில் அப்படியோர் ஆணையை எந்த முகத்தோடு பிறப்பித்திருக்க முடியும்?

இனி அன்பர்களின் கேள்விக்கு வருவோம். சாம்பலில் சிலிகாவும் அலுமினாவும் மிகுதி. சிமெண்டு நீரோடு சேர்ந்து இறுகும்போது வெளிப்படும் சுண்ணாம்பை இவை பற்றிக்கொண்டு மேலும் பிடிப்புள்ள பொருளாக மாறுகின்றன. இம்மாற்றம் மெதுவாக நடப்பது. ஆகையால் முதல் நாட்களில் வலு சற்றுக் குறைவாகத் தோன்றும். பின்னர் மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போகும். நீர் ஊடுருவுவதும் குறையும். சாம்பல் கலந்த சிமெண்டில் அதன் பங்கு நூற்றுக்கு 35க்கு மேற்படலாகாது என்று இந்தியத் தர விதி வரையறுத்திருக்கிறது. அத்தகைய கான்கிரீட்டைப் பத்து நாளாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. சாதாரண சிமெண்டுக்கு ஏழு நாள் போதும். கொத்தனார்கள் இவ்வேறுபாட்டை மதியாமல் நான்கு நாளில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பழியைச் சாம்பலின் தலையில் போடுகிறார்கள். ஊரில் வீடு எழும்பும்போது நாம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்கள். தண்ணீர் ஊற்றும் பொறுப்பை மைத்துனரிடமோ சித்தப்பாவிடமோ கண்டிப்பாக ஒப்படைத்துவிடுவது நலம்.

எல்லாம் சர்க்கார் ஆராய்ச்சிக் கூடங்களே செய்தன என்று நாம் சொல்ல வரவில்லை. சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் ஆகியவற்றைக் கலந்து சூளையின்றியே கல் செய்யும் 'ஃபால்-ஜி' முறையை விசாகப்பட்டினத்தில் பானுமதிதாஸ், காளிதாஸ் என்னும் இருவர் தம் முயற்சியால் உருவாக்கினர். சிமெண்டு ஆலைகளோ, பொதுப் பணத்தில் விளைந்த அத்தாட்சியைக் கொண்டு சாம்பலைச் சிமெண்டு விலைக்கு விற்று நன்றாகவே சம்பாதித்தன! நமது இலாகாவிற்கும் இதில் ஒரு பங்குண்டு. 2020இல் ரிஹந்து மின்நிலையத்திலிருந்து 458 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டிகாரியா சிமெண்டு ஆலைக்கு 59 வாகன்களில் 3,834 டன் சாம்பல் ரயிலேறிற்று. கரியாக வந்தது சாம்பலாகவும் கூலி கொடுத்தது.

2021-22ஆம் ஆண்டில் உண்டான 27 கோடி டன்னில் நூற்றுக்கு 95.95 பங்கு பயன்பட்டதாக மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு கூறுகிறது. மகிழத்தக்கதே. ஆயினும் கணக்கெழுதும் தொழிலில் இருப்பவர்களுக்குத் தலைப்பை மட்டும் படித்து நிறுத்தும் வழக்கம் இல்லை. 'பயன்பாடு' என்னும் அத்தலைப்பின்கீழ்ச் சிமெண்டும் செங்கலும் மட்டுமின்றி, பள்ளமான நிலத்தையும் கைவிட்ட சுரங்கத்தையும் சாம்பலால் நிரப்புவதும் அடங்கும். சாம்பலில் ஆர்செனிக் முதலிய நச்சுப் பொருள்களும் சிறு அளவில் உண்டு. சிமெண்டில் இறுகிவிட்டால் அவை பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். பள்ளத்தில் கொட்டியதன்மீது முப்பது வருஷம் மழை பெய்தால் அவை எங்கே போகும் என்பது வேறு கேள்வி. ஆண்டுக் கணக்கில் சேராத பழைய சாம்பற்குளங்களும் நாடெங்கும் இருக்கின்றன. தன் உடலிலேயே சாம்பலை ஏற்று நிற்கிறதே, அந்த ரிஹந்து அணையின் நீர்த்தேக்கத்துக்குள்ளேயே 2019 அக்டோபரில் ஒரு சாம்பற்கரை உடைந்து சேறு பாய்ந்தது.

நமது தேசம் 2020-21இல் எல்லா ஆராய்ச்சிக்குமாகச் செலவிட்டது, மொத்த உற்பத்தியில் நூறு ரூபாய்க்கு 64 காசு. 2025 ஜனவரியில் அமைச்சரவை இசைவு பெற்ற தேசிய முக்கியக் கனிமத் திட்டத்தில், எரிசாம்பல், சுரங்கக் கழிவு முதலியவற்றிலிருந்து அருங்கனிமம் பிரித்தெடுக்கும் முன்னோடிச் சோதனைகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். கழிவிலிருந்து செல்வம் எடுக்கும் ஆராய்ச்சியை நாம் முழு மனத்துடன் வரவேற்கிறோம். ஆனால் சாம்பல் நிரப்பிய சுரங்கத்தின் பக்கத்தில் குடிநீர்க் கிணறு வைத்திருப்பவன், அக்கிணற்று நீரை ஆண்டுதோறும் எடுத்துச் சோதித்துப் பத்திருபது வருஷம் தொடர்ந்து எழுதிவைக்கும் ஆராய்ச்சியை அல்லவா முதலில் கேட்பான்? அதில் விற்பதற்கு ஒரு பொருளும் விளையாது. சிமெண்டு ஆலைக்காரர் அதற்குப் பணம் தரப்போவதில்லை. கோர்பாவுக்கு மாற்றலாகிப் போயிருக்கும் நம்மவர் குடும்பங்கள் பருகுவதும் அப்பக்கத்து நீரையே.