ஆறு கிலோ குறைந்த பிறகு வரும் பசி

என் தங்கை போன வருடம் மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைத்தாள். ஆரம்பத்தில் அவளுக்குச் சிரமமே தெரியவில்லை. காபியில் சர்க்கரையை நிறுத்தினாள், சோற்றைப் பாதியாக்கினாள், ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்தாள். பழைய சுடிதாரெல்லாம் தொளதொளவென்று ஆனதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நாலாவது மாதம் ஒருநாள் போன் செய்தாள். "அண்ணா, முன்ன எல்லாம் இப்படிப் பசிச்சதே இல்ல. ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து போய் முறுக்கு டப்பாவைத் திறக்கறேன். வாயைக் கட்ட எனக்குத் துப்பில்லையா?" என்றவள் அழுதுவிட்டாள்.

அன்று அவளுக்கு ஒரு கணக்கைச் சொன்னேன். ஆறுதலுக்காகச் சொன்னதல்ல, ஆய்வாளர்கள் அளந்து பார்த்த கணக்கு.

சர்க்கரை நோய்க்கு ஒரு வகை மாத்திரை உண்டு. சிறுநீரகம் வடிகட்டிய சர்க்கரையை ரத்தத்துக்குத் திரும்ப அனுப்பாமல் தடுத்து, சிறுநீரோடு வெளியேற்றிவிடும். அப்படி வெளியேறுவது நாளொன்றுக்குச் சுமார் 90 கிராம், ஏறக்குறைய 360 கலோரி. மாத்திரை போட்டவருக்கு இது தெரியாது. அவர் பட்டினி கிடப்பதில்லை, உணவுப் பட்டியல் எதையும் பின்பற்றுவதில்லை. உடம்பிலிருந்து மட்டும் தினமும் கலோரி கசிந்துகொண்டிருக்கும். அப்போது அமெரிக்க அரசின் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்தில் இருந்த கெவின் ஹாலும் அவரது கூட்டாளிகளும் இந்த மாத்திரையை ஓராண்டு சாப்பிட்டவர்களின் எடைக் கணக்கை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். எடை முதலில் இறங்கி, பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டது. காரணம், அவர்கள் தங்களை அறியாமலே கூடுதலாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி வீதம் பசி கூடியிருந்தது. எடை குறைந்தால் உடல் செலவழிக்கும் ஆற்றலும் குறையும் என்பது பலரும் அறிந்ததுதான். அது கிலோவுக்கு 20 முதல் 30 கலோரி மட்டுமே. பசியின் இழுப்பு அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல்.

இந்தக் கணக்கின்படி ஆறு கிலோ குறைத்த என் தங்கையை இழுத்தது சுமார் 600 கலோரிப் பசி. சாப்பாடு பழைய அளவைவிடக் குறைவு, பசியோ பழைய பசியைவிட அதிகம். அந்த இடைவெளியில் நின்றுதான் அவள் டப்பாவைத் திறந்தாள். உடலின் எரிப்பு வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லிப் பொடியும் தேநீரும் விற்கிறார்கள். இந்த எண்களைப் பார்த்தால், நம் கவனம் போக வேண்டிய இடம் பசிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைவிடக் கடுமையான சோதனை ஒன்று இரண்டாம் உலகப் போரின் இறுதியில் நடந்தது. 1944 நவம்பரில், மினசோட்டா பல்கலைக்கழக விளையாட்டு அரங்கின் அடியிலிருந்த ஆய்வுக்கூடத்தில் 36 இளைஞர்கள் கூடினார்கள். ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தராது என்று ராணுவத்தில் சேர மறுத்தவர்கள். போரில் பட்டினியால் நலிந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிய ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வுக்குத் தங்கள் உடம்பைக் கொடுத்தார்கள். 24 வாரம், நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. எடையில் கால் பங்கு கரைந்தது. மனம் பட்ட பாடு அதைவிடப் பெரிது. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லை. சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், ஒரு வாய் உணவை மணிக்கணக்கில் வைத்துக்கொண்டு தின்றார்கள். நட்பு, காதல், படிப்பு எல்லாம் பின்னுக்குப் போயின.

1,570 என்ற எண்ணைப் பாருங்கள். எடை குறைக்க இன்று கையில் கொடுக்கப்படும் பட்டியல்களில் 1,200 கலோரி சர்வசாதாரணம். என் தங்கை பின்பற்றியதும் அப்படி ஒன்றைத்தான். அந்த இளைஞர்கள் முதலிலிருந்தே ஒல்லியானவர்கள், அதிகம் நடந்தவர்கள். கொழுப்புக் கையிருப்பு உள்ள ஒருவரின் நிலை அவர்களுடையது அல்ல. ஆனாலும் திடமான மனம் படைத்த இளைஞர்களையே பசி இப்படி ஆட்டிவைத்தது என்றால், வேலைக்கும் போய், பிள்ளைகளுக்குத் தோசையும் வார்த்துப் போட்டுக்கொண்டே தான் மட்டும் பாதி வயிற்றோடு இருக்கும் ஒரு பெண்ணை "மனக்கட்டுப்பாடு இல்லை" என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

பசி வயிற்றில்தான் பிறக்கிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். 1912-ல் அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனனின் மாணவர் வாஷ்பர்ன் ஒரு பலூனை விழுங்கி, வயிறு சுருங்கும்போதெல்லாம் தனக்குப் பசியெடுப்பதைப் பதிவு செய்தார். வயிற்றுக்கு அதில் பங்கு உண்டு, ஆனால் அதோடு முடியவில்லை. 1994-ல் நியூயார்க்கின் ராக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. உடம்பின் கொழுப்பு மூளைக்கு அனுப்பும் தகவல் அது: 'கையிருப்பு இருக்கிறது, கவலை வேண்டாம்.' 1999-ல் ஜப்பானின் கோஜிமாவும் கங்காவாவும் கிரெலினைக் கண்டார்கள். இது வயிற்றிலிருந்து போகும் தகவல்: 'சாப்பாடு வரட்டும்.' எடை குறைக்கும்போது முதலாவது மங்குகிறது, இரண்டாவது உரக்கக் கேட்கிறது. மெல்போர்னில் பருமனானவர்களைப் பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து எடையைக் குறைத்துப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்து அளந்தபோதும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும்தான். 2011-ல் அந்த ஆய்வு வெளியானது.

லெப்டின் அடியோடு இல்லாவிட்டால் என்ன ஆகும்? மணிமேகலையில் காயசண்டிகைக்கு வரும் 'யானைத்தீ', எவ்வளவு உண்டாலும் அடங்காத பசிநோய். கிட்டத்தட்ட அதே நோயை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மருத்துவர்கள் கண்ணால் பார்த்தார்கள். எட்டு வயதில் 86 கிலோ எடையிருந்த ஒரு சிறுமி. மரபணுப் பிழையால் அவள் உடம்பில் லெப்டின் சுரக்கவே இல்லை. தினமும் லெப்டின் ஊசி போட்டதும் பசி தணிந்தது. ஓராண்டில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தாள். அவளுக்கு யாரும் மனவுறுதியைக் கற்றுத் தரவில்லை. (நம்மில் பெரும்பாலோருக்கு லெப்டின் குறைபாடு கிடையாது, இந்த ஊசி நமக்கு உதவாது.)

பசியோடு மல்லுக்கு நிற்க முடியாது என்றால் என்னதான் செய்வது? முதலில் அதன் போக்கைத் தெரிந்துகொள்ளலாம். பசி நேரமாக ஆக ஏறிக்கொண்டே போகும் என்ற பயம் நமக்கு உண்டு. முழுநாள் பட்டினி இருந்தவர்களின் ரத்தத்தில் கிரெலினைத் தொடர்ந்து அளந்தபோது, வழக்கமாகச் சாப்பிடும் வேளைகளில் அது ஏறியது. எதுவும் சாப்பிடாமலே தானாக இறங்கவும் செய்தது. ஏகாதசி விரதமோ ரமலான் நோன்போ இருந்தவர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும்: மதியம் ஒரு மணிக்குப் படுத்தும் பசி இரண்டு மணிக்கு இருப்பதில்லை. வேளை தவறாமல் சாப்பிட்டால் பசியும் வேளை தெரிந்து வரும். ஆகவே நாலரை மணிப் பசி உங்களுக்கு உறுதி என்றால், நாலேகாலுக்கே அதற்கு ஏதாவது எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

எதை எடுத்து வைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசானா ஹோல்ட் 1995-ல் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில், 240 கலோரி வீதம், ஆட்களுக்குக் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் கால்மணிக்கு ஒருமுறை அவர்கள் வயிறு நிறைந்திருப்பதாக உணர்கிறார்களா என்று கேட்டார். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்தால், வெண்ணெய் மணக்கும் குவாசானுக்கு 47. வெறும் அவித்த உருளைக்கிழங்குக்கு 323! மீன் 225, ஆரஞ்சு 202, முட்டை 150. ஒவ்வோர் உணவையும் சாப்பிட்டவர்கள் ஒரு டஜன் பேர்தான், ஆகவே இந்த எண்களை வேதமாகக் கொள்ள வேண்டாம். ஆனால் திசை தெளிவு. 240 கலோரிக்கு அவித்த உருளைக்கிழங்கு ஒரு தட்டு நிறைய வரும். அதே கிழங்கு சிப்ஸானால் ஒரு கைப்பிடி. எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி, தண்ணீருக்கு ஒன்றுமில்லை. வயிற்றின் சுவர் விரிவதை மூளைக்குச் சொல்லும் நரம்புகள் கலோரியை எண்ணுவதில்லை.

பென்சில்வேனியாவில் பார்பரா ரோல்ஸ் செய்த சோதனை எனக்கு மிகப் பிடித்தது. கோழியும் சோறும் காயும் சேர்த்துச் சமைத்த பண்டத்தை, ஒரு நாள் ஒரு டம்ளர் தண்ணீரோடு கொடுத்தார். இன்னொரு நாள் அதே தண்ணீரை அதிலேயே ஊற்றிச் சூப்பாக்கிக் கொடுத்தார். பொருள் ஒன்றே, தண்ணீரும் அதே அளவு. சூப் குடித்த நாளில் பெண்கள் அடுத்துவந்த மதியச் சாப்பாட்டில் சுமார் 100 கலோரி குறைத்துச் சாப்பிட்டார்கள். கூடக் குடித்த தண்ணீர் அந்த வேலையைச் செய்யவில்லை. நம் சமையலில் இதற்கு மிக நெருக்கமானவை காய் நிறையப் போட்டுத் தளர வைத்த கூட்டும் பருப்பு ரசமும். சோற்றோடு வரும் அவற்றில் ஒரு கிண்ணம் முதலிலேயே சாப்பிட்டுவிடலாம்.

நம் தட்டின் அமைப்பே கொஞ்சம் மாற வேண்டும். சோறு குவியலாக நடுவில். கீரையும் பொரியலும் ஊறுகாய் மாதிரி ஓரத்தில். இந்தியர்கள் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தும், 12 சதவீதம் மட்டும் புரதத்திலிருந்தும் வருவதாகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2025-ல் சொன்னது. பசியை அடக்குவதில் புரதத்தின் பங்கு பெரிது. சியாட்டிலில் நடத்தி 2005-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உணவில் புரதத்தின் பங்கை 15 சதவீதத்திலிருந்து 30-க்கு உயர்த்திவிட்டு, வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று விட்டார்கள். யாரும் சொல்லாமலே அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 440 கலோரி குறைத்துச் சாப்பிட்டார்கள். முட்டை, மீன், கெட்டித் தயிர், பச்சைப்பயறு, கொண்டைக்கடலை எல்லாம் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. இரண்டு இட்லியைக் குறைத்துவிட்டு ஒன்றும் சேர்க்காமல் எழுந்தால் பதினோரு மணிக்கே பசிக்கும். குறைத்த இடத்தில் ஒரு முட்டை வைத்தால் மதியம் வரை தாங்கும். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.)

பாக்கெட் தின்பண்டம் நேர் எதிர்ப்பக்கம் இழுக்கும். கெவின் ஹாலே 2019-ல் இருபது பேரை ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் அதீதமாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற உணவும் கொடுத்தார். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். பதப்படுத்தியதைத் தின்ற நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். நிறைவு என்ற தகவல் குடலிலிருந்து மூளைக்குப் போய்ச் சேரச் சற்று நேரமாகும். மெல்ல வேலையில்லாத உணவு அதற்குள் உள்ளே போய்விடுகிறது.

டிவி பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. உளவியலாளர் பால் ரோசின் 1998-ல் கடும் மறதி நோயுள்ள இருவருக்கு மதிய உணவு கொடுத்து, சற்று நேரத்தில் மறுபடியும் ஒரு சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதையும் சாப்பிட்டார்கள். மூன்றாவதையும் பெரும்பாலும் தொட்டார்கள். சாப்பிட்ட நினைவும் நமக்கு நிறைவு தருகிறது என்பதற்கு இது ஒரு நல்ல சான்று. கவனிக்காமல் விழுங்கிய சாப்பாடு நினைவில் நிற்பதில்லை.

தூக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. சிகாகோவில் இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டபோது கிரெலின் 28 சதவீதம் ஏறியது, லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. இரவுப்பணி முடித்து வருகிறவர் பரோட்டா கடையில் நிற்பதற்கு நாக்கு மட்டும் காரணமல்ல.

எடை குறைக்க என்று இப்போது பேசப்படும் ஊசி மருந்துகள் குடலின் நிறைவுத் தகவலைப் போலச் செய்து பசியை நேரடியாகத் தணிக்கின்றன. தேவைப்படுவோருக்குப் பெரிய உதவி. நிறுத்தினால் பசி திரும்புகிறது, எடையும் பெரும்பகுதி திரும்புகிறது. மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் எடுக்க வேண்டியவை அவை. இன்னொரு எச்சரிக்கை: இன்சுலினோ சில சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவருக்குப் பசியோடு வியர்வையும் கைநடுக்கமும் வந்தால், அது ரத்தச் சர்க்கரை இறங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். அதைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது. உடனே சர்க்கரை சாப்பிட வேண்டும்.

மினசோட்டா இளைஞர்களுக்கு வருகிறேன். சோதனை முடிந்து வேண்டிய மட்டும் சாப்பிடக் கிடைத்தபோதும் பலருக்கு வெகுநாள் பசி அடங்கவில்லை. வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் பசித்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1997-ல், அப்துல் துல்லுவும் கூட்டாளிகளும் அந்தப் பழைய பதிவுகளை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். இழந்த கொழுப்பு திரும்பிய பிறகும் பசி நீடித்திருந்தது. இழந்த தசை திரும்பும் வரை உடம்பு கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்குள் கொழுப்பு பழைய அளவைத் தாண்டிவிட்டது. வேகமாகக் குறைத்தவர்கள் முன்பைவிடப் பருத்துவிடுவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதனால்தான் மெதுவாகக் குறைக்கச் சொல்கிறேன். நடையோடு நிறுத்தாமல், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது என்று தசைக்கும் வேலை கொடுக்கச் சொல்கிறேன்.

தங்கை அந்த 1,200 கலோரிப் பட்டியலைக் கைவிட்டு 1,500-க்கு வந்தாள். சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல், ராத்திரி தோசைக்கு முன்னால் ஒரு கிண்ணம் கூட்டு. முறுக்கு டப்பா பரணுக்குப் போய்விட்டது. ஆறு கிலோவில் ஒன்றரைக் கிலோ திரும்பி வந்தது. நாலரைக் கிலோ எட்டு மாதமாக அப்படியே நிற்கிறது. போன வாரம் பேசும்போது, வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள் நடுவில் சொன்னாள்: "நேத்து ராத்திரி முழிப்பு வந்துச்சுண்ணா, பசிச்சுது. பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். போயிடுச்சு."