பழைய பொருளும் புதிய சந்தையும்

ஒரு பொருளின் வாழ்நாளும் அதனை உடையவரின் தேவையும் ஒருங்கே முடிவன அல்ல. தேவை முன்னரே முடிந்துவிடுவதுண்டு. பொருளோ பின்னும் பல்லாண்டு உழைக்கும் ஆற்றலோடு நிற்பதுண்டு. பிள்ளை வளர்ந்துவிட்டால் தொட்டில் பரணில் ஏறுகிறது. படிப்பு முடிந்தால் நூல்கள் மூட்டையாகக் கட்டப்படுகின்றன. அதே வேளையில் அடுத்த ஊரில் ஒரு வீட்டார் தொட்டில் தேடி அலைவர். ஒரு மாணவன் நூல் வாங்க வழியின்றி வருந்துவான். வேண்டாதவரையும் வேண்டுபவரையும் கூட்டி வைப்பதே பழைய பொருள் வாணிகத்தின் பயன். இதனால் ஒருவருக்குப் பணம் கிடைக்கிறது. மற்றொருவருக்குக் குறைந்த விலையில் பொருள் கிடைக்கிறது. நல்ல பொருள் வீணாகாமல் காக்கப்படுகிறது.

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தவை. பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமாயிற்று. அதனின்றும் அரியலூர் 2001-இல் பிரிந்து, 2002-இல் மீண்டும் இணைந்து, 2007-இல் நிலையாகத் தனித்தது. பெரம்பலூர்ப் பக்கத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. அரியலூர்ப் பக்கத்தில் முந்திரித் தோப்புகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் உள்ளன. இரண்டு தலைநகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவே உண்டு. ஆயினும், சென்னையில் 1985-இல் தீக்கு இரையாகும்வரை பழைய நூல்களுக்கும் பிற பண்டங்களுக்கும் புகழ்பெற்று விளங்கிய மூர் மார்க்கெட் போன்ற பேரங்காடி இத்தகைய சிற்றூர்ப் பகுதிகளில் அமைவதில்லை.

செந்துறைப் பக்கத்தில் ஓர் உழவர் இருப்பதாகக் கொள்க. அவருடைய கிணற்றில் நீர் கீழிறங்கிவிட்டது. ஆதலின் அவர் ஆழ்துளைக் கிணறு தோண்டி, நீர்மூழ்கி மோட்டார் பொருத்தினார். மேலே இருந்த 5 குதிரைத்திறன் மோட்டார் இன்னும் நன்றாக ஓடும் நிலையிலேயே கொட்டகையில் கிடக்கிறது. அதனை விரும்பும் மற்றோர் உழவர் வேப்பந்தட்டைப் பக்கத்தில் இருக்கலாம். ஆனால் ஒருவரை ஒருவர் அறியார். முன்னாளில் தரகர் ஒருவர் இடையே வந்தால்தான் இவ்விருவரும் கூடுதல் இயலும். தரகர் வாராவிடின் மோட்டார் காயலான் கடைக்குச் செல்லும். அங்கே அது நீர் இறைக்கும் பொறியாக மதிக்கப்படுவதில்லை. இரும்பாகவும் செம்பாகவும் எடை போடப்படும். பொருள் கெடவில்லை, வாங்குபவர் இருக்கும் இடம் தெரியாமையே அதன் மதிப்பைக் கெடுத்தது.

இக்குறையை நீக்க எழுந்ததே இணையச் சந்தை. அமெரிக்க நாட்டில் பியர் ஒமிடியார் என்பவர் 1995-இல் தொடங்கிய ஏலத் தளமே பின்னர் ஈபே என்னும் பெயர் பெற்றது. 2006-இல் தோன்றிய ஓ.எல்.எக்ஸ். என்னும் தளம் இந்தியாவில் பழைய பொருள் விற்பனைக்குப் பெயர் பெற்றது. அதன் இந்தியத் தொழில் 2023-இல் கார்டிரேட் என்னும் நிறுவனத்தின் கைக்கு மாறியது. கைமாறும் பொருள்களின் சந்தை தானும் கைமாறியது! முகநூல் நிறுவனத்தாரும் 2016-இல் மார்க்கெட்பிளேஸ் என்னும் சந்தைப் பகுதியைத் திறந்தனர். இத்தளங்களில் விற்பவர் பொருளின் படத்தையும் விவரத்தையும் விலையையும் இடுகின்றார். வாங்குபவர் தம் ஊருக்கு அண்மையில் உள்ள பொருள்களைத் தேடிக் காண்கின்றார். முன்னர்த் தரகர் செய்த பணியின் ஒரு பகுதியை இப்போது கைப்பேசி செய்கின்றது.

ஆயினும், பழைய தரகர் செய்த மற்றொரு பணியைக் கைப்பேசி செய்வதில்லை. தரகர் இரு சாராரையும் அறிவார். அவர் சொல்லுக்கு ஊரில் மதிப்பு உண்டு. இணையத்திலோ விற்பவரும் வாங்குபவரும் முன்பின் அறியாதவர். ஆதலின் அங்கே நம்பிக்கையை விற்பவரே உண்டாக்குதல் வேண்டும். இதற்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும். ஒமிடியாரின் தளத்தில் முதன்முதலில் விற்ற பொருள் ஒளிக்கற்றை வீசும் சுட்டுகோல் ஒன்று. அது பழுதானது. பழுதானது என்று தெரிவித்தே அவர் அதனை ஏலத்துக்கு வைத்தார். 14 டாலர் 83 செண்டுக்கு ஒருவர் அதனை வாங்கினார். வியந்த ஒமிடியார், பழுதானது என்பதை அறிந்துதான் வாங்கினாரோ என்று அவரைக் கேட்டார். அத்தகைய பழுதான சுட்டுகோல்களைச் சேர்ப்பதே தம் வழக்கம் என்றார் அவர். குறையைச் சொன்னதனால் விற்பனை கெடவில்லை. அதனை வேண்டியவரே வந்து சேர்ந்தார்.

குறையை மறைத்தால் விளையும் கேட்டினை ஜார்ஜ் அகர்லாஃப் என்னும் பொருளியல் அறிஞர் 1970-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். பழைய காரின் உண்மை நிலையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். எனவே வாங்குபவர் எல்லாக் காரையும் ஐயுற்று, நல்ல காருக்கும் குறைந்த விலையே தர முன்வருவார். அவ்விலைக்கு நல்ல காரை விற்க யார் இசைவர்? நல்ல காரை உடையவர் சந்தையை விட்டு விலகுவர். பழுதான காரே மிகுதியாக நிற்கும். அதனால் விலை மேலும் தாழும். இவ்வாறு பொய் சொல்லும் சிலரால் மெய் சொல்லும் பலரும் இழப்புறுகின்றனர். இவ்வாராய்ச்சித் துறையில் ஆற்றிய பணிக்காக அவருக்கும் வேறிருவருக்கும் 2001-இல் பொருளியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. உள்ள நிலையை உள்ளவாறே காட்டுபவர் இவ்வையத்தை நீக்கித் தம் பொருளுக்குத் தக்க விலையைப் பெறலாம் என்பது இதனால் பெறப்படும்.

இனி, செந்துறை உழவர் தம் மோட்டாரை விற்கும் முறையைக் காண்போம். ‘மோட்டார் விற்பனைக்கு’ என்று மட்டும் எழுதினால் போதாது. எத்தனை குதிரைத்திறன், எந்த நிறுவனத்தது, எந்த ஆண்டு வாங்கியது, மும்முனை மின்சாரத்துக்கு உரியதா என்பவற்றை எழுதுதல் வேண்டும். ஒருமுறை காயில் எரிந்து மீண்டும் கட்டப்பட்டது எனின், அதனையும் எழுதுதல் வேண்டும். வாங்கிய ரசீது இருப்பின் அதுவும் உதவும். மோட்டாரின் தூசியைத் துடைத்து, பகல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் பக்கமும் தெரியுமாறு படம் எடுத்தல் நன்று. திறன் முதலியன பொறித்த பெயர்ப் பலகையையும், துருவேறிய இடம் இருப்பின் அவ்விடத்தையும் தனித்தனியே படம் எடுத்தல் வேண்டும். வேறு இடத்திலிருந்து எடுத்த புதுமோட்டாரின் படத்தை இடுதல் ஏமாற்றே ஆகும். வருபவர் முன்னிலையில் மோட்டாரை ஓட்டிக் காட்டுதல் எல்லாச் சொல்லினும் சிறந்த சான்று.

அடுத்தது விலை. இங்கேதான் விற்பவர் பலர் தடுமாறுகின்றனர். தம்மிடம் உள்ள பொருளைப் பிறர் மதிப்பதைவிட மிகுதியாக மதித்தல் மக்கள் இயல்பு. கானமன், நெட்ச், தாலர் ஆகிய மூன்று அறிஞர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கிற்று. மாணவர்களில் ஒரு சாராருக்கு அவர்கள் குவளைகளைக் கொடுத்தனர். குவளை பெற்றவர் விற்கக் கேட்ட விலை, பெறாதவர் வாங்கத் தர இசைந்த விலையைப்போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. சிறிது நேரமே கையில் இருந்த குவளைக்கே இத்தகைய பற்று எனின், பல்லாண்டு நீர் இறைத்த மோட்டார்மீது பற்று மிகுவதில் வியப்பில்லை. ஆனால் வாங்குபவர் அப்பற்றுக்கு விலை தாரார். புதியதன் இன்றைய விலை, அதே வகைப் பழைய பொருளுக்குப் பிறர் கேட்கும் விலை, பொருளின் தேய்மானம் ஆகிய மூன்றையும் நோக்கி விலை குறித்தல் வேண்டும். பேரத்துக்குச் சிறிது இடம் விட்டு, இதற்குக் கீழ் கொடுப்பதில்லை என்னும் எல்லையை மனத்தில் வகுத்துக்கொள்ளுதல் தக்கது.

கேட்பவர்க்குக் காலந்தாழ்த்தாது பணிவோடு விடை தருதல் வேண்டும். ஒருவருக்கு விற்பதாக ஒப்புக்கொண்டபின் சிறிது மிகுதியான விலைக்காக மற்றொருவருக்குக் கொடுத்தல் சொல் பிறழ்தல் ஆகும். விற்றபின் விளம்பரத்தை நீக்கிவிடுதல் பிறர் வீணே அலையாமல் காக்கும். சிறிய பொருளாயின், பேருந்து நிலையம் போன்ற மக்கள் நடமாட்டம் உள்ள இடத்தில், பகற்பொழுதில், வீட்டார் ஒருவர் துணையோடு சென்று கொடுத்தல் பாதுகாப்பானது.

ஏமாற்றுவோர் விற்பவரிடையே மட்டும் உளர் என்று எண்ணுதல் தவறு. வாங்குபவர் வேடத்திலும் உளர். ஒருவர் பொருளை நேரில் பாராமலே கேட்ட விலைக்கு உடனே இசைவார். தாம் படைவீரர் என்றும் தொலைவில் பணியாற்றுவதாகவும் கூறுவார். பின்னர்க் கியூ.ஆர். கோடு ஒன்றை அனுப்பி, அதனை ஸ்கேன் செய்து பின் எண்ணை இட்டால் பணம் வந்து சேரும் என்பார். இட்டவரின் கணக்கிலிருந்து பணம் போய்விடும். 2016-இல் வழக்கிற்கு வந்த யு.பி.ஐ. முறையில் பின் எண் பணம் கொடுப்பதற்கே உரியது. பெறுவதற்குப் பின் எண் வேண்டுவதில்லை. இவ்வொரு விதியை நினைவில் வைத்தவர் இந்த வஞ்சத்துக்கு ஆளாகார். ஏமாந்துவிட்டால் நாணி மறைத்தல் கூடாது. 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். விரைந்து தெரிவிக்கும்போது பணம் மேலும் கைமாறாமல் தடுக்க வழி உண்டு.

சில பொருள்களைக் கொடுத்துப் பணம் பெற்ற அளவில் விற்பனை முடிவதில்லை. பெரம்பலூரில் பதிவான டி.என். 46 எண்ணுடைய இருசக்கர வண்டி ஒன்றை அரியலூரார் ஒருவர் வாங்கினார் என்று கொள்க. பதிவுச் சான்றில் பெயர் மாறவில்லை. பின்னர் அவ்வண்டியால் ஒரு விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பாவார்? பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. வண்டியை விற்றுப் பல மாதம் ஆயினும், பழைய உரிமையாளரே இழப்பீடு தர நேரிடலாம். ஆதலின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, விற்றவர் 14 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்தல் வேண்டும். வாங்கியவர் மாற்றிக்கொள்வார் என்று வாளா இருத்தல் பெருந்தீங்காக முடியும்.

கைப்பேசியை விற்பவர் அதிலுள்ள படங்களையும் கடிதங்களையும் வங்கிச் செயலிகளையும் முற்றும் அழித்தபின்னரே கொடுத்தல் வேண்டும். வாங்குபவரும் ரசீதின்றி மிக மலிவாக வரும் கைப்பேசியை ஐயுறுதல் வேண்டும். திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தும் நேர்மையின்றியோ வாங்குதல் 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படியும் குற்றமாகும். மேலும், 18 வயது நிரம்பாதவர் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஒப்பந்தம் செய்யும் தகுதி உடையவர் அல்லர். எனவே மாணவர் தம் மிதிவண்டியையோ நூல்களையோ விற்க விரும்பின், பெற்றோர் வாயிலாகவே செய்தல் முறையாகும்.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், தாம் கொள்ளும்போது அளவு மிஞ்சாமலும், கொடுக்கும்போது அளவு குறையாமலும் நடந்தனர் என்பதைப் பட்டினப்பாலை என்னும் சங்க நூல் போற்றுகின்றது. அவர்தம் கடைத்தெருவைக் கடல் கொண்டது. அவர்தம் நேர்மையின் புகழ் நிலைத்தது. இன்றைய சந்தைக்குக் கடையும் இல்லை, தெருவும் இல்லை. கைப்பேசியின் சிறு திரையே அங்காடி. அங்கும் விற்பவரின் கையில் உள்ள முதற்பொருள் அவருடைய சொல்லே ஆகும். செந்துறை உழவரின் மோட்டார் காயலான் கடைக்குச் செல்லாமல், வேப்பந்தட்டை வயலில் மீண்டும் நீர் இறைக்குமாறு செய்வது, அவர் மறைக்காமல் எழுதிய அந்த ஒரு வரி விவரமே அன்றோ?