டேப்லெட் போதுமா... லேப்டாப்தான் வேணுமா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முன்கட்டில் தறி. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறார் அப்பா. மகள் பி.காம். முதல் வருஷம் சேர்ந்திருக்கிறாள். தம்பி நாலாம் வகுப்பு. திண்ணையில் பாட்டி.

"அப்பா, எனக்கு டேப்லெட் வாங்கித் தாங்கப்பா. பையில வெச்சா கனமே தெரியாது."

"ஒரு சேலை இறக்க பதினஞ்சு நாள் ஆகுதும்மா. இன்னிக்கு டேப்லெட், அடுத்த வருஷம் லேப்டாப்புன்னு ரெண்டு தடவை என்னால வாங்க முடியாது. மூணு வருஷம் தாங்கறது எதுவோ, அதை யோசிச்சுச் சொல்லு."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல்: "எதை வேணா வாங்குங்க... பிள்ளைங்க கண்ணு கெடாம இருந்தா சரி!"

இது அந்த ஒரு வீட்டுப் பேச்சு மட்டும் இல்லை. உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். அப்பா கேட்டது பணக் கேள்வி. மகள் கேட்டது சௌகரியக் கேள்வி. அம்மா கேட்டதுதான் நம்ம பக்கத்துக் கேள்வி. மூன்றுக்கும் சேர்த்தே பதில் தேடுவோம்.

அதற்கு முன்னால் ஒன்று. டேப்லெட் என்றதும் டாக்டர் எழுதித் தரும் மாத்திரை ஞாபகம் வந்தால் அது உங்கள் தப்பு இல்லை. சொல்லப்போனால், இதையும் மாத்திரை மாதிரியே பார்ப்பதுதான் நல்லது. யாருக்கு? எதற்கு? எவ்வளவு நேரம்? இந்த மூன்றையும் கேட்காமல் வாங்கினால் இரண்டுமே உடம்புக்கு ஆகாது!

இருபது நாளில் இரண்டு முடிவு

2010 ஜனவரி 27. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடை உலகத்துக்குக் காட்டினார். விரலால் தொட்டால் போதும், வேலை நடக்கும் என்றதும் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். "இனிமே கம்ப்யூட்டருக்கு வேலை இல்லை" என்று பேச்சு கிளம்பியது. ஜாப்ஸ்கூட அந்த வருஷமே ஓர் உதாரணம் சொன்னார். கம்ப்யூட்டர் என்பது இனி லாரி மாதிரி ஆகிவிடும். தேவைப்படுகிறவர்கள் வைத்திருப்பார்கள், மற்றவர்களுக்குக் கார் போதும் என்ற பொருளில்.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி உடனே வந்தது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். அண்ணா காஞ்சிபுரத்துக்காரர் ஆச்சே! அன்றைக்குத்தான் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. சரியாக இருபது நாள் கழித்து, அக்டோபர் 5-ம் தேதி, டெல்லியில் மத்திய அரசு 'ஆகாஷ்' டேப்லெட்டை வெளியிட்டது. 7 அங்குலத் திரை, மாணவர்களுக்கு மலிவு விலை. சென்னை லேப்டாப் என்றது, டெல்லி டேப்லெட் என்றது!

என்ன ஆயிற்று? ஆகாஷின் முதல் மாடலில் தொட்டால் சட்டென்று கேட்காத திரை, சீக்கிரம் தீர்ந்துபோகும் பேட்டரி என்று புகார்கள் குவிந்தன. சில வருஷங்களில் அந்தப் பேச்சே அடங்கிவிட்டது. தமிழகத்தில் அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேல் லேப்டாப்கள் மாணவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

இப்போது டேப்லெட் எவ்வளவோ தேறிவிட்டது. அதனால்தான் கேள்வி மறுபடி வந்தது. 2025 மார்ச் மாதத் தமிழக பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு 'கைக்கணினி அல்லது மடிக்கணினி' தரப்படும் என்று அறிவித்தார்கள். 'அல்லது' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆனால் 2026 ஜனவரியில் வழங்கத் தொடங்கியபோது கைக்கு வந்தது லேப்டாப்தான்.

அப்படியானால் டேப்லெட் தோற்றுவிட்டதா? அவசரப்படாதீர்கள். 2024-ல் இதே தமிழக அரசு 79,000-க்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்லெட்தான் கொடுத்தது. வகுப்பில் நடந்துகொண்டே படம் காட்ட, பிள்ளைகளின் பதிலை உடனே குறித்துக்கொள்ள அதுதான் வசதி. ஆக, எந்தக் கருவி உசத்தி என்பது பேச்சே இல்லை. எந்த வேலைக்கு எது என்பதுதான் பேச்சு.

தறி சொல்லும் பாடம்

கம்ப்யூட்டருக்கும் காஞ்சிபுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ரொம்ப நெருங்கின சொந்தம்!

சேலையின் கரையில் மயிலும் மாங்காயும் விழ, தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் ஓட்டை குத்திய அட்டைகள் வரிசையாக ஓடும். ஓட்டை இருந்தால் ஓர் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. பிரான்ஸ் நாட்டு ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-ல் செய்த ஏற்பாடு இது. 'உண்டு, இல்லை' என்ற இந்த அட்டைக் கணக்கைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு எந்திரத்துக்கும் அட்டை வைக்கலாம் என்று யோசித்தார். தறியை கம்ப்யூட்டரின் தாத்தா என்று சொன்னால் தப்பில்லை.

அந்த டிசைனை முன்பெல்லாம் கட்டம் போட்ட தாளில் கையால் வரைவார்கள். இன்று பெரும்பாலும் கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். வாடிக்கையாளர் வந்தால் முடிந்த சேலையின் படத்தை போனிலோ டேப்லெட்டிலோ காட்டுகிறார்கள். கவனித்தீர்களா? டிசைன் போட பெரிய திரை, மவுஸ், விண்டோஸில் ஓடும் சாஃப்ட்வேர். அதே சேலையைக் காட்ட ஒரு சின்ன டேப்லெட் போதும். பார்க்க டேப்லெட், படைக்க கம்ப்யூட்டர். இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொண்டால் பாதி குழப்பம் தீர்ந்தது.

பி.காம். படிக்கும் பெண்ணுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பாடத்தைப் படிக்க, வகுப்பு வீடியோ பார்க்க டேப்லெட் தாராளம். டேலியில் கணக்குப் போட, எக்ஸெலில் பத்து காலம் நிரப்ப, இரண்டு ஃபைலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து ப்ராஜெக்ட் அடிக்க? அங்கேதான் இடிக்கிறது. டேப்லெட்டில் கீபோர்டும் திரைக்குள்ளேயே வருகிறது. அது வந்தால் பாதித் திரையை அடைத்துக்கொள்ளும். தனியாக கீபோர்டு, ஸ்டாண்டு, பேனா என்று வாங்கினால் பில் ஏறிக்கொண்டே போய் லேப்டாப் விலைக்குப் பக்கத்தில் நிற்கும்!

கழுத்து என்ன சொல்கிறது?

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம்.

நம் தலை சுமார் 5 கிலோ. நிமிர்ந்திருக்கும் வரை அந்த எடை தெரியாது. குனியக் குனியத்தான் வினை. அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் ஒரு கணக்குப் போட்டார். தலை 15 டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பின் மீது விழும் பாரம் சுமார் 12 கிலோ. 30 டிகிரியில் 18 கிலோ. 60 டிகிரியில் 27 கிலோ! இது கணித மாதிரியில் போட்ட கணக்குதான். ஆனாலும் நாள் முழுக்கக் குனிந்து இழை பார்க்கும் தறிக்காரரைக் கேளுங்கள், சாயங்காலம் பிடரி எப்படி இருக்கும் என்று சொல்வார்.

டேப்லெட்டை மடியில் வைத்தால் கழுத்து நன்றாகக் குனிந்தே ஆக வேண்டும். 2012-ல் ஹார்வர்ட் பொது சுகாதாரப் பள்ளி ஆய்வாளர்கள் இதை அளந்தே பார்த்தார்கள். மடியில் வைக்கும்போதுதான் கழுத்து அதிகம் வளைந்தது. அதே டேப்லெட்டை மேஜையில், உறையைச் செங்குத்தாக மடக்கி நிறுத்தியபோது தலை கிட்டத்தட்ட நிமிர்ந்த நிலைக்கு வந்தது. தப்பு கருவியில் இல்லை, வைக்கும் இடத்தில்!

லேப்டாப்பும் யோக்கியம் இல்லை. அதில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. கைக்குச் சரியாக வைத்தால் கழுத்து குனியும். கழுத்துக்குச் சரியாக உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்ளும். இந்த விஷயத்தில் பழைய டெஸ்க்டாப்தான் நல்ல பிள்ளை. திரை தனி, கீபோர்டு தனி. அவரவர் உயரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

லேப்டாப்பை டெஸ்க்டாப் ஆக்க ஒரு வழி இருக்கிறது. நாலு தடிப் புத்தகத்தின் மேல் லேப்டாப்பை ஏற்றுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும். தனி கீபோர்டும் மவுஸும் கீழே மேஜையில். சில நூறு ரூபாய்ச் செலவு. பிடரி உங்களுக்கு நன்றி சொல்லும்.

கண் என்ன சொல்கிறது?

திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துபோகிறது. அதனால்தான் எரிச்சல், வறட்சி. தவிர, திரை கிட்டத்தில் இருக்க இருக்க, கண்ணின் உள்தசைக்கு வேலை அதிகம். கம்ப்யூட்டர் திரைக்கு 50 முதல் 70 செ.மீ. தூரம் நல்லது, ஏறக்குறைய ஒரு கை நீளம். டேப்லெட்டை யாரும் அவ்வளவு தூரத்தில் பிடிப்பதில்லை. பிள்ளைகளோ மூக்கில் ஒட்டாத குறை!

20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருக்கும் ஒன்றை, 20 விநாடி பாருங்கள் என்கிறார்கள் கண் மருத்துவர்கள். காஞ்சிபுரத்தில் அதற்கா பஞ்சம்? வாசலுக்கு வந்தால் ஏதாவது ஒரு கோபுரம் தெரியும். பார்த்த மாதிரியும் ஆச்சு, கும்பிட்ட மாதிரியும் ஆச்சு!

நாலாம் வகுப்புத் தம்பி விஷயத்தில் மட்டும் தாட்சண்யம் வேண்டாம். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் சொன்னது: 2 வயது வரை திரையே கூடாது (வெளியூரில் இருக்கும் சொந்தத்தோடு எப்போதாவது வீடியோவில் பேசுவது தவிர). 2 முதல் 5 வயது வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதுவும் பெரியவர் பக்கத்தில் இருந்து. 5 முதல் 10 வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள். இதோடு தினமும் வெயில் வெளிச்சத்தில் விளையாட வேண்டும். வெளியில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

யாருக்கு எது?

பாட்டிக்கு: டேப்லெட். எழுத்தைப் பெரிசாக்கிக்கொள்ளலாம், வெளிநாட்டுப் பேரனை முகம் பார்த்துப் பேசலாம். கையில் தூக்காமல் ஸ்டாண்டில் நிறுத்திக் கொடுங்கள். மணிக்கட்டும் கட்டை விரலும் வலிக்காது.

சின்னப் பிள்ளைக்கு: தனியாக எதுவும் வேண்டாம். வீட்டுப் பொதுக் கருவி, கூடத்தில், எல்லோர் கண் முன்னால்.

கல்லூரிப் பிள்ளைக்கு: ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் லேப்டாப். படிப்புக்கான சாஃப்ட்வேர் எதில் ஓடும் என்று கல்லூரியில் கேட்டுவிட்டு வாங்குங்கள். அரசு லேப்டாப் கிடைக்க வாய்ப்பு உண்டா என்றும் கல்லூரி ஆபீஸில் விசாரித்துவிடுங்கள். இரட்டைச் செலவு மிச்சம்.

கடை கணக்கு, ஜி.எஸ்.டி., டைப்பிங் என்று ஒரே இடத்தில் பல மணி நேரம் உட்காருபவருக்கு: டெஸ்க்டாப். ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம். கரண்ட் போனால் அணைந்துவிடும் என்பதால் யு.பி.எஸ். வேண்டும்.

எதை வாங்கினாலும் படுக்கைக்கு மட்டும் எடுத்துப் போகாதீர்கள். இராத்திரி கண்ணுக்குக் கிட்டத்தில் அடிக்கும் வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும். தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடி வைத்துவிடுங்கள். கழுத்து வலி கைக்கு இறங்கினால், விரல் மரத்துப்போனால், அடிக்கடி தலைவலி வந்தால் தைலத்தோடு நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள்.

சரி, பிள்ளையார்பாளையம் வீட்டில் என்ன முடிவாயிற்று?

"லேப்டாப்பே வாங்கிக்கலாம்ப்பா. ஆனா அந்த டேப்லெட் பார்க்க அழகா இருக்குல்ல?" என்கிறாள் மகள், மனசில்லாமல்.

அப்பா தறியை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார். "அழகுதாம்மா. ஆனா பாரு, கோர்வைச் சேலைக்கு மூணு நாடா வேணும். உடலுக்கு ஒண்ணு, கரைக்கு ரெண்டு. ஒரே நாடாவால எல்லாத்தையும் முடிக்கணும்னு நினைச்சா, சேலையும் வராது, கையும் வலிக்கும்."

"முதல்ல நிமிர்ந்து உட்காருங்க ரெண்டு பேரும்!" என்கிறது அடுப்படிக் குரல்.

நீங்களும்தான்... இதைக் குனிந்துகொண்டேதானே படிக்கிறீர்கள்?