முன்பேரமும் செம்பனை எண்ணெயும்

ஓய்வு பெறும் நிலையிலுள்ள ஆசிரிய நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம், “ஐயா, சேமிப்பிலிருந்து பதினாயிரம் வெள்ளியைச் செம்பனை எண்ணெய் முன்பேரத்தில் போடலாமா? தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த நமக்குச் செம்பனையைப் பற்றித் தெரியாததா?” என்று கேட்டார். செம்பனையை அறிந்திருப்பது வேறு. முன்பேரத்தை அறிந்திருப்பது வேறு. ஆதலின் அதனைச் சிறிது விளக்குவோம்.

ஒரு பொருளை இன்ன மாதத்தில் இன்ன விலைக்குக் கொடுப்பதாகவும் கொள்வதாகவும் இன்றே செய்துகொள்ளும் உடன்படிக்கையே முன்பேரம். பொருள் பின்னர் வரும். விலை முன்னரே உறுதியாகிவிடும். கோலாலம்பூரில் செம்பனை எண்ணெய்க்கு இவ்வாணிகம் 1980 இல் தொடங்கியது. இன்று புர்சா மலேசியாவின் சந்தையில் நடைபெறுகிறது. ஓர் ஒப்பந்தத்தின் அளவு 25 டன்.

இதனால் பயனடைவோர் யாவர்? மூன்று திங்களுக்குப் பின் 25 டன் எண்ணெய் விற்கவேண்டிய ஒரு தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். முன்பேர விலை டன்னுக்கு 4,000 வெள்ளி எனக் கொள்வோம். தோட்டத்தார் இன்றே ஓர் ஒப்பந்தத்தை அவ்விலைக்கு விற்றுவிடுகின்றனர். பின்னர் விலை 3,600க்கு இறங்கினால் எண்ணெயை விற்கையில் டன்னுக்கு 400 வெள்ளி குறைகிறது. ஆனால், 4,000க்கு விற்ற ஒப்பந்தத்தை 3,600க்குத் திரும்ப வாங்கித் தீர்க்கும்போது அதே 400 வெள்ளி கிடைக்கிறது. விலை 4,400க்கு ஏறினாலோ, எண்ணெயில் கூடுவது ஒப்பந்தத்தில் குறைகிறது. எவ்வாறாயினும் கைக்கு வருவது ஏறத்தாழ 4,000 வெள்ளியே. அவர்களுக்கு முன்பேரம் சூதன்று. மழைக்கு முன் வேயும் கூரையாகும்.

நண்பரின் நிலையோ வேறு. அவரிடம் விற்பதற்கு எண்ணெயும் இல்லை. வாங்கிப் பயன்படுத்த ஆலையும் இல்லை. 25 டன்னின் மதிப்பு 100,000 வெள்ளி. அவர் கட்டுவது ஈட்டுத்தொகை மட்டுமே. அதனை 10,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். விலை ஏறும் என்று நம்பி அவர் வாங்குகிறார். அது 200 வெள்ளி இறங்குகிறது. இறக்கம் நூற்றுக்கு ஐந்துதான். ஆனால் நட்டம் 5,000 வெள்ளி, அதாவது ஈட்டில் பாதி! இலாப நட்டம் நாள்தோறும் கணக்கிடப்படுவதால் குறைந்த பணத்தை உடனே நிரப்பவேண்டும். தவறினால் தரகர் ஒப்பந்தத்தை முடித்துவிடுவார். விலை விரைந்து 600 வெள்ளி இறங்கிவிட்டால் நட்டம் 15,000. கட்டிய பணம் போவதோடு கடனும் வந்து சேரும்.

இத்தொழிலிலேயே ஊறியவர்களும் இதில் தடுமாறியதுண்டு. 1984 இல் கோலாலம்பூர்ச் சந்தையில் சிலர் தம் ஒப்பந்தக் கடமையை நிறைவேற்றத் தவறியதால் பெரும் நெருக்கடி ஏற்பட்டது. நாள்தோறும் ஈட்டுத்தொகை கேட்கும் கண்டிப்பு வீண் கெடுபிடியன்று என்பதை இதனால் உணரலாம்.

இக்கணக்கை நண்பரிடம் கொடுத்துத் தாமே போட்டுப் பார்க்கச் சொன்னேன். இருமுறை போட்டுப் பார்த்தார். பணம் சேமிப்பிலேயே இருக்கிறது. ஆசிரிய அன்பர்கள் இதனை மேல்வகுப்பு மாணவர்க்கும் கொடுக்கலாம். பெருக்கலும் விழுக்காடும் மட்டுமே தேவை.