பொது இடமும் அமானிதமே
மூதூர் தந்த படிப்பினை



பணயக் கைதிகள் என்றதும் விமானக் கடத்தலும் வெளிநாட்டுத் தூதரகங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நமது திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவின் அக்கரையில், ஓர் ஊரே பணயமாகிப்போன நாட்களும் உண்டு. அந்த ஊர் மூதூர். காலம் 2006 ஆகஸ்ட்.

அதற்கு முந்திய ஜூலை மாதத்தில் விடுதலைப் புலிகள் மாவிலாற்றின் மதகை மூடினார்கள். பல்லாயிரம் விவசாயக் குடும்பங்களுக்குத் தண்ணீர் நின்றுபோனது. அரச படைகள் விமானத் தாக்குதலைத் தொடங்கின. ஆகஸ்ட் 1 அன்று, இராணுவத்தினரை ஏற்றிவந்த கப்பல் திருமலைத் துறைமுகத்துக்கு அருகே தாக்கப்பட்டது. மறுநாள் அதிகாலை புலிகள் மூதூருக்குள் புகுந்தார்கள். அரச படைகள் ஷெல் அடித்தன. இருதரப்பு ஆயுதங்களுக்கும் நடுவே அகப்பட்டவர்கள் ஊர் மக்கள்தாம்.

மக்கள் எங்கே ஓடுவார்கள்? நம்மவர்கள் எப்போதும் ஓடும் இடங்களுக்கே ஓடினார்கள். பள்ளிவாசல், பாடசாலை, அரபுக் கல்லூரி, ஆஸ்பத்திரி. கைக்குழந்தையோடு வந்த தாய்மாரும், நடக்கமுடியாத முதியோரும் அங்கே நிறைந்தார்கள். "இது பொது இடம், இங்கே அடிக்கமாட்டார்கள்" என்ற நம்பிக்கைதான் அவர்களிடம் இருந்த ஒரே கேடயம். அந்த நம்பிக்கையும் பொய்த்தது. ஆகஸ்ட் 3 அன்று, மக்கள் தஞ்சமடைந்திருந்த இடங்களிலேயே ஷெல்கள் விழுந்தன. உயிர்கள் பலியாயின. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

வெளியேறும் வழியும் இலகுவாக இருக்கவில்லை. கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009ஆம் ஆண்டில்தான். கடல்வழியோ போர்க்களமாகக் கிடந்தது. எனவே ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை, மக்கள் ஆயிரக்கணக்கில் கந்தளாயை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டார்கள். கிரந்திமுனை என்ற இடத்தில் புலிகள் அவர்களை மறித்து, இளைஞர்களை வேறாகப் பிரித்தெடுத்தார்கள். முகமூடி அணிந்தவர்களைக் கொண்டு ஆள் அடையாளம் காட்டச் செய்தார்கள். பெற்ற பிள்ளையைக் கண்முன்னே வரிசையிலிருந்து இழுத்தெடுக்கும்போது ஓர் உம்மாவின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவ்வேளையில் ஷெல்கள் விழ, சனக்கூட்டம் சிதறி ஓடியது. அங்கும் உயிர்கள் போயின. எஞ்சியவர்கள் கந்தளாய் வந்து சேர்ந்தார்கள்.

அதே நாட்களில் மூதூரில் இன்னொரு கொடுமையும் நடந்தது. ஏ.சி.எப். என்ற பிரான்ஸ் நாட்டுத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் 17 பேர் ஊரைவிட்டு வெளியேறாமல் தமது அலுவலகத்திலேயே தங்கியிருந்தார்கள். அவர்களில் 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அந்த வளவிலேயே அவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அரச படையினரே பொறுப்பு எனப் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு அறிவித்தது, அரசாங்கம் மறுத்தது. இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. நமது இழப்பைப் பேசும் நாவு இந்த 17 பேரையும் சேர்த்தே பேசவேண்டும். அநீதிக்கு இன முத்திரை கிடையாது.

இதே காரியம் வேறு விதமாக முடிந்த ஒரு சம்பவத்தையும் பாருங்கள். 1977 மார்ச் மாதம், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஹமாஸ் அப்துல் காலிஸ் என்பவரும் அவருடைய ஆட்களும் மூன்று கட்டடங்களைக் கைப்பற்றினார்கள். அவற்றுள் ஒன்று அங்குள்ள இஸ்லாமிய நிலையம். சுமார் 150 பேர் பணயக் கைதிகளாயினர். இளம் வானொலி நிருபர் ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார். காலிஸின் துயரம் பொய்யானதல்ல. 1973இல் அவர் குடும்பத்தின் பச்சிளங் குழந்தைகள் உட்பட 7 பேர் படுகொலை செய்யப்பட்டிருந்தார்கள். கொலையாளிகளைத் தம்மிடம் ஒப்படைக்கவேண்டும் என்பது அவருடைய கோரிக்கைகளில் ஒன்று. ஆனால் அவர் பிடித்துவைத்திருந்தவர்களுக்கும் அந்தக் கொலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

எகிப்து, பாகிஸ்தான், ஈரான் ஆகிய மூன்று நாட்டுத் தூதுவர்கள் அவரிடம் ஆயுதமின்றிச் சென்றார்கள். எதிரே அமர்ந்து, அவருடைய துயரத்தைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். திருமறை வசனங்களை ஓதி, பொறுமையையும் கருணையையும் நினைவூட்டினார்கள். ஏறத்தாழ 39 மணி நேரத்துக்குப் பின் அத்தனை பேரும் விடுவிக்கப்பட்டார்கள். தாம் மதிக்கும் வேதத்தைக் கொண்டே தம் பிழையை உணர்த்தும்போது மனிதன் இறங்கி வருகிறான். மூதூரிலோ அவ்வாறு நடுவே வந்து அமர எவருக்கும் வழி இருக்கவில்லை. மக்கள் தங்கள் கால்களை நம்பியே தப்பவேண்டியதாயிற்று.

சகோதரிகளே! பொது இடத்தில் தஞ்சம் புகுந்தவர் அமானிதம். அவரைக் கேடயமாக்குவதும் துரோகம். அவர் உள்ளே இருப்பதறிந்தும் தாக்குவதும் துரோகம். யுத்தகளத்திலும்கூட பெண்கள், குழந்தைகள், முதியோர், வணக்கத்தலங்களில் இருக்கும் துறவிகள் ஆகியோரைத் தொடக்கூடாது என்பது நமது மார்க்கச் சட்டம். ஒரு சமூகத்தின் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக்கூடாது என்று ஸூரத்துல் மாஇதா எச்சரிக்கிறது. ஒருவர் சுமையை மற்றவர் மீது ஏற்றுவதையும் திருமறை ஏற்கவில்லை. அப்படியிருக்க, எவனோ செய்த குற்றத்துக்கு எவரையோ பணயம் வைப்பது எந்தக் காரணத்தாலும் நியாயமாகாது. அதைச் செய்பவன் நம்மவனாக இருந்தாலும் சரியே.

கந்தளாயை எண்ணிப் பாருங்கள். மூதூரில் பாடசாலை மரணப் பொறியானது. கந்தளாயிலோ அதே போன்ற பாடசாலை அகதிகளின் வீடானது. சுவரும் கூரையும் இரண்டுக்கும் ஒன்றுதான். வெளியே நிற்கும் மனிதர்களின் உள்ளமே வித்தியாசம். செப்டம்பரில் மக்கள் ஊர் திரும்பும்வரை கந்தளாயே அவர்களைத் தாங்கியது.

அந்த நாட்களுக்குப் பின் பிறந்த பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள். அவர்கள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் கிரந்திமுனையைச் சொல்லும்போது கந்தளாயையும் சொல்லுங்கள். பள்ளிவாசலில் பதுங்கிய நம் உம்மாமாரைச் சொல்லும்போது, அலுவலகத்தில் உயிர்விட்ட அந்த 17 பேரையும் சொல்லுங்கள். பாதியைக் கேட்டு வளரும் பிள்ளை பகையைக் கற்கும்; முழுவதையும் கேட்ட பிள்ளை நீதியைக் கற்கும்.

தஞ்சமென்று நம்மிடம் வந்தவரை, அவர் எம்மதத்தவராயினும், அமானிதமாகக் காக்கும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.