ஒரு மலைக்கு நான்கு பெயர்கள்

எமது நாட்டின் மத்திய மலைநாட்டில், இரத்தினபுரி, நுவரெலியா மாவட்டங்களின் எல்லையில், 2,243 மீற்றர் உயரத்தில் கூம்பு வடிவில் எழுந்து நிற்கிறது ஒரு மலை. சிங்கள மக்கள் அதனை ‘ஸ்ரீபாத’ என்பர். இந்து சகோதரர்களுக்கு அது சிவனொளிபாதமலை. ஆங்கிலேயர் வரைந்த படங்களில் அது ஆதம்ஸ் பீக். எங்கள் வீட்டில் உம்மும்மா முதல் தம்பி வரை எல்லோருக்கும் அது ‘பாவாத மலை’. பாவா ஆதம் மலை என்பதன் சுருக்கம் அது.

இரத்தினபுரியில் வளர்ந்த எனக்கு, மழையில்லாத காலைப்பொழுதுகளில் அந்த மலை வீட்டு வாசலிலிருந்தே தெரியும். ஆயினும் அதைப் பற்றி நான் தேடி வாசிக்கத் தொடங்கியது, மேலதிக வகுப்பில் ஒரு தோழி கேட்ட கேள்விக்குப் பிறகுதான். “எல்லாரும் எங்கட என்று சொல்றாங்க. அப்ப அது உண்மையில யாருட கால்?” என்று அவள் கேட்டாள். வாசிக்க வாசிக்க, அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று என் முன் வந்தது. ஓர் இடத்தைப் ‘புனிதம்’ என்று மனிதர் சொல்லும்போது அவர்களிடம் என்ன மாறுகிறது?

முதலில் பாதத்தைப் பற்றிய நம்பிக்கைகளைப் பார்ப்போம். மலையுச்சியில் பாறையொன்றில் பெரிய பாதம் போன்ற ஒரு பதிவு உள்ளது. புத்தர் இலங்கைக்கு மூன்றாம் முறை வந்தபோது இங்கே தம் பாதத்தைப் பதித்தார் என்று மகாவம்சம் கூறுகிறது. மலையைக் காக்கும் தெய்வமாகச் சமன் தெய்வத்தைப் பௌத்தர்கள் கருதுகின்றனர். இந்துக்கள் அதனைச் சிவபெருமானின் பாதம் என்று நம்புகின்றனர். போர்த்துக்கேயர் காலத்துக் கிறிஸ்தவர் சிலர் அதனைப் புனித தோமையாருடன் தொடர்புபடுத்தினர். சுவர்க்கத்திலிருந்து இறக்கப்பட்ட ஆதம் (அலை) அவர்கள் ஸரந்தீபின் இந்த மலையில் பாதம் வைத்தார்கள் என்பது முஸ்லிம்களிடையே வழங்கிவரும் செய்தி.

இந்தச் செய்தியை நாம் எந்த அளவில் வைத்துக்கொள்வது? ஆதம் (அலை) அவர்களின் படைப்பையும், அவர்கள் பூமிக்கு இறக்கப்பட்டதையும், அவர்களது தவ்பா ஏற்கப்பட்டதையும் அல்-குர்ஆன் கூறுகிறது. இறங்கிய இடத்தின் பெயரை அது கூறவில்லை. தபரி போன்ற பண்டைய வரலாற்றாசிரியர்கள் ஹிந்த் தேசத்தைக் குறிப்பிடும் அறிவிப்புகளைத் தம் நூல்களில் பதிந்துள்ளனர். ஆகவே இது வரலாற்று மரபாக நாம் அறிந்திருக்க வேண்டியது. அகீதாவின் பகுதி அல்ல. ஹஜருல் அஸ்வதை முத்தமிட்ட உமர் (ரழி) அவர்கள், அது நன்மையோ தீமையோ செய்ய இயலாத கல் என்பதைத் தாம் அறிவதாகவும், நபி (ஸல்) அவர்கள் முத்தமிட்டதைக் கண்டதனாலேயே தாமும் முத்தமிடுவதாகவும் கூறினார்கள். கல்லை வணங்குவது வேறு, ஓர் இடத்தில் மரியாதையாக நடந்துகொள்வது வேறு என்பதை அந்தச் சொற்கள் நமக்குத் தெளிவாக்குகின்றன.

இந்த மலைக்கு வந்த முஸ்லிம்களில் உலகறிந்தவர் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. 1344ஆம் ஆண்டு இலங்கையில் கரையிறங்கிய அவர், யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். தாம் வேண்டுவது அந்தப் பாதத்தைக் காண்பது ஒன்றே என்று மன்னரிடம் சொன்னார். மன்னர் பல்லக்கும் ஆட்களும் கொடுத்தனுப்பினார். யோகிகளும் பிராமணர்களும் அவருடன் வழித்துணையாகச் சென்றனர். மலைக்கு இரண்டு வழிகள் இருந்தன என்று அவர் எழுதுகிறார். ஒன்று ஆதம் (அலை) அவர்களைக் குறிக்கும் ‘பாபா’ வழி, மற்றது ஹவ்வா (அலை) அவர்களைக் குறிக்கும் ‘மாமா’ வழி. கடினமானது பாபா வழி. அதனால் ஏறி, இலகுவான மாமா வழியால் அவர் இறங்கினார். உச்சியை நெருங்கும் செங்குத்துப் பாறையில் பத்துச் சங்கிலிகள் தொங்கின. கடைசிச் சங்கிலியைப் பிடித்துக் கீழே பார்ப்பவர் அச்சத்தில் கலிமா சொல்வதால், அதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயராம்!

அவர் பதிந்த இன்னொரு செய்தி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷீராஸ் நகரத்துப் பெரியார் இப்னு கபீஃப், சுமார் 30 பேருடன் இந்த மலைக்கு வந்தார். வழி தவறிப் பசியால் வாடியபோது, உடன் வந்தோர் யானைக் குட்டியொன்றைக் கொன்று உண்ண விரும்பினர். ஷெய்கு தடுத்தார். அவர்கள் கேட்காமல் உண்டனர். அன்றிரவு யானைகள் கூட்டமாக வந்து, ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துக் கொன்றன. உண்ணாதிருந்த ஷெய்கை மட்டும் ஒரு யானை தன் முதுகில் ஏற்றி ஊர் எல்லையில் கொண்டுவந்து விட்டது. அதன் பின்னரே இந்நாட்டு மக்கள் முஸ்லிம்களை மதித்து வீடுகளில் தங்க வைத்தனர் என்கிறார் இப்னு பதூதா. கதையின் ஒவ்வொரு விவரமும் நடந்ததா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்நியராக வந்த ஒருவருக்கு மதிப்பைத் தேடித் தந்தது அவரது தன்னடக்கம் என்று அக்காலத்தவர் நினைவில் வைத்திருந்தனர் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

உலகின் மற்றப் புனித நிலங்களிலும் இதே தன்னடக்கத்தைக் காணலாம். திபெத்திலுள்ள கைலாய மலை 6,638 மீற்றர் உயரமானது. இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், திபெத்தின் பழைய பொன் சமயத்தவர் ஆகிய நான்கு சாராரும் அதனை மதிக்கின்றனர். எவரெஸ்டையே ஏறிய மனிதன் அதைவிடத் தாழ்ந்த கைலாயத்தின் உச்சியில் கால் வைத்ததாகப் பதிவு இல்லை. யாத்திரிகர் சுமார் 52 கிலோமீற்றர் மலையைச் சுற்றி நடக்கின்றனர். பொன் சமயத்தவர் எதிர்த்திசையில் சுற்றுவர். ஒரே பாதையில் எதிரெதிராக வருவோர் ஒருவரையொருவர் கடந்து செல்கின்றனர்.

அவுஸ்திரேலியாவின் நடுவே 348 மீற்றர் உயரத்தில் நிற்கும் செந்நிறப் பாறை உலுரு. அதன் மண்ணின் மைந்தர்களான அனங்கு மக்கள், அது தம் மூதாதையரின் வழித்தடம் என்பதால் ஏற வேண்டாம் என்று பல்லாண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருந்தனர். 1985 ஒக்டோபர் 26இல் அந்த நிலம் அவர்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. சரியாக 34 ஆண்டுகள் கழித்து, 2019 ஒக்டோபர் 26இல் ஏறுவது முற்றாக நிறுத்தப்பட்டது.

நமது மக்கா ஹரமை எண்ணிப் பாருங்கள். அந்த எல்லைக்குள் வேட்டையாடக் கூடாது; தானாக முளைத்த மரஞ்செடிகளை வெட்டக் கூடாது. மதீனாவையும் நபி (ஸல்) அவர்கள் ஹரமாக அறிவித்தார்கள். ஒரு நிலத்தின் புனிதம், அங்கே நாம் எதைச் செய்யாமல் விடுகிறோம் என்பதில் இருக்கிறது என்பதை இஸ்லாம் சட்டமாகவே வகுத்துத் தந்துள்ளது.

இந்த அளவுகோலை எமது மலைக்கும் வைத்துப் பார்க்கலாம். முதலாம் விஜயபாகு மன்னன் இங்கு வரும் யாத்திரிகருக்கு உணவளிக்கக் கிராமங்களை மானியமாக வழங்கியதை அம்பகமுவக் கல்வெட்டு சொல்கிறது. இன்றும் டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரையான காலத்தில், வழிநெடுகத் தன்சல்களில் இன மத பேதமின்றி உணவும் தேநீரும் கிடைக்கின்றன. ஏறுவோரும் இறங்குவோரும் ‘கருணாவை’ என்று வாழ்த்துச் சொல்லிக் கடக்கின்றனர். பாதம் யாருடையது என்பதில் ஒன்றுபடாதவர்கள், அந்தப் படிகளில் எப்படி நடந்துகொள்வது என்பதில் நூற்றாண்டுகளாக ஒன்றுபட்டிருக்கிறார்கள்.

அந்த ஒற்றுமைக்கு இன்று ஒரு சோதனை வந்திருக்கிறது. மலையைச் சூழ்ந்த காடு, 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் மத்திய மலைநாட்டின் பகுதியாகச் சேர்க்கப்பட்டது. வேறெங்கும் இல்லாத தவளைகளும் ஓர்க்கிட்டுகளும் அங்கே வாழ்கின்றன. களு கங்கையும், களனியும், வளவையும் அந்த மலைத்தொடரிலிருந்தே நீரைப் பெறுகின்றன. கொழும்பு மக்கள் குடிப்பது களனியின் நீர். அப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு பருவ முடிவிலும் பொலித்தீனும் பிளாஸ்டிக் போத்தல்களும் குவிகின்றன. தங்கள் பாதம் என்று உரிமை சொல்லும் எல்லாச் சமூகத்தவரும் அந்தக் குப்பையில் பங்காளிகளே.

இன்று அந்த மலைக்குச் செல்லும் முஸ்லிம்களில் அதிகமானோர் சூரிய உதயம் பார்க்கவே செல்கின்றனர். அதில் தவறில்லை. அல்லாஹ்வின் படைப்பைப் பார்த்துச் சிந்திப்பதும் நற்செயலே. ஆனால் பெற்றோரே, பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது இப்னு பதூதாவின் வழியையும், யானைக் குட்டியை உண்ணாத ஷெய்கின் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். மற்றவர் வணங்கும் இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள். தோழியரே, பைக்குள் ஒரு வெற்றுப் பையையும் மடித்து வைத்துக்கொள்வோம். நாம் கொண்டுபோன குப்பையையும், வழியில் கிடக்கும் இரண்டு போத்தல்களையும் அதில் போட்டு, இன்ஷா அல்லாஹ், கீழே கொண்டு வருவோம்.